டாட்டூ ஸ்டூடியோ வெப்சைட்டில் என்ன எழுதினால் ஆள் வருவார்கள்?

ஊசிமுனை:

கோவை பீளமேட்டில் சின்னதாக ஒரு டாட்டூ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நானும் இன்னொரு ஆர்டிஸ்டும், இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் லைக் நன்றாக விழுகிறது. ஆனால் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்பவர் யாரும் இல்லை. எட்டிப் பார்க்கிறவர்களும் முதல் பக்கத்தோடு போய்விடுகிறார்கள். வெப்சைட்டைச் செய்துகொடுத்தவர்களே எழுதித் தந்த வாசகம் இது:

"உங்கள் கனவுகளுக்கு நிறம் கொடுக்கிறோம். உலகத் தரம் வாய்ந்த கலைஞர்கள், அதிநவீன உபகரணங்கள், 100% வலியற்ற அனுபவம், முழுமையான சுகாதாரம். உங்கள் உடல் ஒரு கேன்வாஸ், நாங்கள் அதன் ஓவியர்கள். இன்றே அணுகுங்கள்!"

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் எடுபடவில்லை என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பிழைதிருத்தி:

விளம்பர வாசகம் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் நேராகவே சொல்கிறேன். இதில் கேன்வாஸ் வரியை மட்டும் எடுத்துவிட்டால் கல்யாண மேக்கப்புக்கும் பொருந்தும், மாடுலர் கிச்சனுக்கும் பொருந்தும். பீளமேட்டில் இருக்கும் உங்கள் கடையைப் பற்றி இதில் ஒரு தகவல்கூட இல்லை.

டாட்டூவுக்கு வருகிறவருக்குக் கனவு ஏற்கெனவே இருக்கிறது. டிசைனை போனில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்பார். அவரைத் தடுத்து வைத்திருப்பது பயமும் கேள்விகளும்தான். ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, புதிதாக வந்தவர்கள் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே இங்கே போடுங்கள். மெருகு வேண்டாம்.

ஊசிமுனை:

பார்த்து எழுதுகிறேன். பேர், நம்பர் எல்லாம் நீக்கிவிட்டேன்.

"ரேட் என்ன ப்ரோ?" இதுதான் முக்கால்வாசி.
"ரொம்ப வலிக்குமா?"
"ஊசி புதுசுதானே?"
"ஆர்மி செலக்‌ஷன் போறேன், கையில குத்தினா பிரச்சினை வருமா?"
"அம்மா பேரு தமிழ்ல சின்னதா மணிக்கட்டுல போடணும்."
"எக்ஸ் பேரை மறைக்கணும், முடியுமா?"
"லேடி ஆர்டிஸ்ட் இருக்காங்களா?"
"மாலை போட்டிருக்கேன், கழட்டினதும் வரேன். இப்பவே அட்வான்ஸ் கட்டலாமா?"
"ரத்தம் குடுக்க முடியாதாமே, நிஜமா?"
"மாநிறத்துக்கு கலர் எடுக்குமா?"

பிழைதிருத்தி:

அருமை. உங்கள் வெப்சைட்டில் இருக்க வேண்டியது இதுதான். இத்தனை கேள்விகளில் ஒன்றுக்காவது உங்கள் முதல் பக்கம் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். "வலியற்ற அனுபவம்" ஒன்றுதான் கிட்டே வருகிறது, அதுவும் உண்மையில்லை.

ஊசிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். "முழுமையான சுகாதாரம்" என்று எல்லாக் கடையும் போடுகிறது, அதைப் படித்து யாருக்கும் பயம் தெளிவதில்லை. ஊசி விஷயத்தில் உங்கள் கடையில் நிஜமாக என்ன நடக்கிறது? வரிசையாகச் சொல்லுங்கள்.

ஊசிமுனை:

கார்ட்ரிட்ஜ் ஊசிதான் பயன்படுத்துகிறேன். ஒவ்வொன்றும் தனித்தனி சீல் பாக்கெட்டில் வரும். பாக்கெட்டின் முதுகில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் இருக்கும். ஆள் உட்கார்ந்த பிறகு அவர் முன்னால்தான் பிரிப்பேன். மையைப் பாட்டிலிலிருந்து சின்னக் கப்பில் ஊற்றிக்கொள்வேன், மிச்சமானதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றமாட்டேன், கொட்டிவிடுவேன். மெஷினுக்கும் வயருக்கும் பிளாஸ்டிக் உறை, அது ஆளுக்கு ஆள் மாறும். முடிந்ததும் ஊசி ஷார்ப்ஸ் டப்பாவுக்கு (பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பா) போய்விடும். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதானே?

பிழைதிருத்தி:

எல்லோரும் செய்யலாம். யாரும் எழுதவில்லை என்பதுதான் உங்களுக்கு வசதி. நீங்கள் மேலே எழுதியதையே அப்படியே போடலாம்:

"நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஊசிப் பாக்கெட்டைப் பிரிப்போம். அதற்கு முன் பாக்கெட்டை உங்கள் கையில் கொடுப்போம். சீல் உடையாமல் இருக்கிறதா, பின்னால் உள்ள காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்காகக் கப்பில் ஊற்றிய மை மிஞ்சினால் கொட்டிவிடுவோம்."

இதைப் படிப்பவர் அடுத்து எந்தக் கடைக்குப் போனாலும் பாக்கெட்டைக் கேட்பார்.

தோல்_டாக்டர்:

நான் தோல் மருத்துவர். "100% வலியற்ற" என்பதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மை தோலின் இரண்டாம் அடுக்கில் போய் உட்கார வேண்டும், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம். மேல் அடுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும், அங்கே வைத்தால் மை நிற்காது. அவ்வளவு ஆழம் ஊசி போனால் வலிக்கத்தான் செய்யும். மரப்புக் க்ரீம் குறைக்கும், அடியோடு போக்காது. விலா எலும்பு, கணுக்கால், முழங்கையின் உட்பக்கம் கூடுதலாக வலிக்கும், புஜத்தின் வெளிப்பக்கம் குறைவு. இதை அப்படியே எழுதிவிடுங்கள், வருகிறவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் உதவும்.

அப்புறம், "யாருக்கு வேண்டாம்" என்று ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். தழும்பு மேடாகத் தடித்து வளரும் உடல்வாகு (கீலாய்டு) நம் ஊர் மாநிறத் தோலில் அதிகம், குறிப்பாக நெஞ்சிலும் தோளிலும். சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஊசி பட்ட இடத்திலேயே புதிதாக வரக்கூடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதலில் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது.

ரத்த தானம்: இந்தியாவில் டாட்டூ போட்டு 12 மாதம் கழிந்த பிறகு கொடுக்கலாம். வாழ்நாள் முழுக்க முடியாது என்பது வதந்தி.

ஐயப்ப சீசனில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். புதுப் புண்ணோடு பம்பையில் முங்கக் கூடாது. குற்றாலம், நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் இதுதான். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

டீக்கடை_பெஞ்சு:

வலியே இருக்காது என்று எழுதியிருந்த ஒரு கடையில் விலாவில் போட்டுக்கொண்டேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பேக்கரியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

சட்டப்புள்ளி:

டாக்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் அளவுக் கடையைத் தேடி வருவார்களா என்பது வேறு. "100%", "பக்கவிளைவே இல்லாத மை" போன்றவற்றை எழுதினால் புகார் கொடுக்க வருபவருக்குக் கையில் ஆதாரத்தை நீங்களே கொடுத்த மாதிரி.

தோல்_டாக்டர்:

மை பற்றி நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். "ஆர்கானிக்", "மூலிகை மை" என்று சிலர் போடுகிறார்கள், அந்த வார்த்தைகளுக்கு மருத்துவத்தில் மதிப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நீலம் 15:3, பச்சை 7 என்ற இரண்டு நிறமிகளுக்கு மட்டும் மாற்றுத் தேட ஓராண்டு கூடுதல் அவகாசம் கொடுத்து, 2023 ஜனவரியில் அவையும் அதன் கீழ் வந்தன. எந்த பிராண்ட் மை என்று பெயரைப் போடுங்கள். தெரிந்துகொள்ள நினைப்பவர் தேடிப் பார்த்துக்கொள்வார்.

மைதானம்:

ஆள்சேர்ப்புக்குப் போகிற பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். ஆர்மி கேள்விக்கு ஒரு தனிப் பக்கமே போடலாம் தம்பி. ராணுவத்தில் முன்கையின் உட்பக்கம், அதாவது முழங்கையின் உள்மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் புறங்கை, இந்த இடங்களில் மட்டும் அனுமதி. பழங்குடியினருக்குத் தனி விலக்கு உண்டு. எஸ்எஸ்சி ஜிடி (துணை ராணுவக் காவலர் தேர்வு) மூலம் பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் போகிறவர்களுக்கு இன்னும் இறுக்கம்: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்பக்கம் அல்லது புறங்கை, மதச் சின்னமோ பெயரோ மட்டும், அந்த உறுப்பின் பரப்பில் கால் பாகத்துக்குக் குறைவாக. கழுத்திலும் வலது புஜத்திலும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

"நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிப்பைப் படித்துவிட்டு வாருங்கள், சந்தேகம் இருந்தால் இப்போது போட வேண்டாம்" என்று எழுதுங்கள். அப்படி எழுதுகிற கடைக்கு என் பையன்களை நானே அனுப்புவேன்.

கல்லாப்பெட்டி:

எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று எழுதச் சொல்கிறீர்கள். யாருக்கு வேண்டாம், எங்கே வலிக்கும், ஆர்மிக்குப் போகிறவர் வராதே... கடை நடத்துகிறவர் சாப்பிட வேண்டாமா? நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வாசலில் நிற்பவரை முதலில் உள்ளே கூப்பிடணும், மிச்சத்தை உட்காரவைத்துப் பேசிக்கொள்ளலாம். ரேட்டையும் போடாதீர்கள். போட்டால் அடுத்த கடை ஐம்பது ரூபாய் குறைத்துப் போடுவான்.

மதுரை_மை:

அண்ணே, போட்டோ பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் அப்படி முடியாது. பிடிக்காமல் போனால் லேசர், அதுவும் பல சிட்டிங், போட்டதைவிடச் செலவு கூட. தப்பான ஆள் ஒருவர் வந்து போட்டுக்கொண்டு போனால் அவர் கூகுளில் எழுதுகிற ஒரு ஸ்டார் விமர்சனம் ரொம்ப நாளைக்கு நம் பேருக்குக் கீழேயே நிற்கும்.

ரேட் விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. மதுரையில் நான் போட்டிருக்கிறேன். "சதுர அங்குலத்துக்கு இவ்வளவு, குறைந்தபட்சம் இவ்வளவு, கலருக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் கூடும்" என்று மூன்றே வரி. அதன் பிறகு "ரேட் என்ன ப்ரோ" குறைந்து, "இந்த டிசைன், இந்த சைஸ், சனிக்கிழமை கிடைக்குமா" என்று மெசேஜ் வருகிறது. ஐம்பது ரூபாய்க்காக ஓடுகிறவர் ஓடட்டும்.

கல்லாப்பெட்டி:

உங்கள் ஊரில் ஓடலாம். கோவையில் பேரம் பேசாமல் யாரும் துண்டுகூட வாங்கமாட்டார்கள்.

ஊசிமுனை:

சதுர அங்குலத்துக்கு 500, குறைந்தபட்சம் 1,500 வாங்குகிறேன். எப்படியும் வாட்ஸ்அப்பில் சொல்லத்தானே போகிறேன், போட்டுவிடுகிறேன். பேரம் பேசுகிறவர் போட்டாலும் பேசுவார், போடாவிட்டாலும் பேசுவார்.

மதுரை அண்ணா, படங்களுக்கு அடியில் என்ன எழுதுவீர்கள்? நான் வெறும் படமாகத்தான் அடுக்கியிருக்கிறேன்.

மதுரை_மை:

இதைப் பற்றி நிறையப் பேசலாம். நம் தொழிலில் எல்லோரும் குத்தி முடித்த அந்த நிமிஷமே படம் எடுக்கிறோம். தோல் சிவந்திருக்கும், மை பளபளவென்று இருக்கும், லைட் போட்டு எடுத்தால் கேட்கவே வேண்டாம். ஆறின பிறகு அது அப்படி இருக்காது என்று நமக்குத் தெரியும், வருகிறவருக்குத் தெரியாது. அதனால் என் பக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு படம்: அன்றைக்கு எடுத்தது, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எடுத்தது. டச்-அப்புக்கு வரும்போது எடுத்துவிடுவேன். அடியில் இப்படி: "முன்கை, நான்கு அங்குலம், ஒரே சிட்டிங், மூன்று மணி நேரம். இரண்டாவது படம் எட்டு மாதம் கழித்து. மஞ்சள் மங்கியிருக்கிறது, கறுப்பு அப்படியே இருக்கிறது."

மங்கியிருக்கிறது என்று நாமே எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். மாநிறத் தோலில் மை தோல் நிறத்துக்குக் கீழேதான் இருக்கிறது. கலர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரிதான் தெரியும். வெள்ளை மை நாளாக ஆக மஞ்சளாகத் தெரியும், வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் சரியாக எழும்பாது. கறுப்பு, அடர்சிவப்பு, அடர்நீலம் நன்றாக நிற்கும். வெளிநாட்டு வெள்ளைத் தோல் படங்களை இறக்கி கேலரியில் போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். நம் ஊர்க் கை, நம் ஊர் நிறம்தான் ஆளைக் கொண்டுவரும்.

அம்மா பேர் கேள்விக்கும் இதே மாதிரி நேராகப் பதில் சொல்லலாம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ண, ஞ, ணை இதெல்லாம் பொடியாக எழுதினால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும், வருடங்கள் போகப் போகக் கோடு தடித்து சுழி அடைத்துக்கொள்ளும். புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடும். மணிக்கட்டில் அரை சென்டிமீட்டரில் "கண்ணம்மாள்" கேட்டால் நான் போடமாட்டேன், ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பேன். இதை உங்கள் சைட்டில் பழைய டாட்டூ படத்தோடு எழுதிப் பாருங்கள். தமிழில் பேர் போட நினைக்கிற ஆள் வேறு எங்கே போவார்?

ஊசிமுனை:

ண விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எழுதுகிறேன்.

மழைக்குருவி:

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? போன வருஷம் தோள்பட்டைக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். கடை தேடியபோது படங்கள் எல்லா சைட்டிலும் நன்றாகத்தான் இருந்தன. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. ரவிக்கையை எவ்வளவு தளர்த்த வேண்டியிருக்கும்? அறையில் திரை உண்டா? வாசலில் நிற்கிறவர் கண்ணில் படுமா? தோழியைக் கூட்டிக்கொண்டு வரலாமா? முன்னால் பட்டன் வைத்த சட்டை போட்டு வரணுமா? என் முதுகை இன்ஸ்டாவில் போடுவார்களா, போட்டால் என்னைக் கேட்பார்களா? ஒரு கடையும் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கவில்லை. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு அக்கா போட்டுக்கொண்ட இடத்துக்கே போய்விட்டேன்.

"லேடி ஆர்டிஸ்ட் இருக்காங்களா" என்று ஒரு பெண் கேட்டால் இதெல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறார்.

ஊசிமுனை:

மேடம், இது எனக்குத் தோன்றியதே இல்லை. என் கூட இருக்கும் ஆர்டிஸ்ட் பெண்தான். அதைக்கூட சைட்டில் போடவில்லை. ஒரு நாற்காலிக்குத் திரை இருக்கிறது. படம் கேட்டுத்தான் எடுப்போம், முகம் வராது.

மழைக்குருவி:

இப்போது சொன்ன நான்கு விஷயத்தையும் அப்படியே முதல் பக்கத்தில் போடுங்கள். "எடுத்த படத்தை நீக்கச் சொன்னால் நீக்குவோம்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்வர்_சுப்பு:

டெக்னிக்கல் பக்கம் சுருக்கமாக. உங்கள் சைட்டைப் பார்த்தேன், அந்த வாசகம் முழுவதும் படத்துக்குள்ளே இருக்கிறது. எழுத்தாக இல்லாததைத் தேடலில் கொண்டுவருவது கஷ்டம். பக்கத் தலைப்பில் "ஹோம்" என்று மட்டும் இருக்கிறது. "பீளமேடு, கோயம்புத்தூர் டாட்டூ ஸ்டூடியோ" என்று மாற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் கடைகளைக் காட்டும்போது கூகுள் மூன்றைப் பார்க்கிறது: தேடலுக்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மேப்பில் கடை விவரம், நேரம், படம், விமர்சனங்களுக்குப் பதில், இதெல்லாம் உங்கள் கையில். வாட்ஸ்அப் பட்டன் மேலேயே இருக்கட்டும், தட்டினால் "டிசைன், சைஸ், எந்த இடம்" என்று தானாக எழுதிக்கொள்ளும்படி வைக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். ஆனால் ஒன்றை இன்னொன்றாக மெஷினில் போட்டு மாற்றாதீர்கள், சிரிப்பார்கள்.

கோலப்பொடி:

என் பாட்டி கையில் பச்சை குத்தியிருந்தார், கோலமும் தேளும். பாரம்பரியத்தைக் கொஞ்சம் தொட்டு எழுதலாமே? "ஐயாயிரம் ஆண்டுத் தமிழ்க் கலை" என்கிற மாதிரி?

மதுரை_மை:

பாட்டிக்குக் குத்தியது ஊர் ஊராக வந்த குறவர் பெண்ணாக இருக்கும். மஞ்சளும் அகத்திக் கீரையும் சேர்த்துக் கரியாக்கி, ஊசியால் கையாலேயே குத்துவார்கள். நாங்கள் கார்ட்ரிட்ஜும் மெஷினும் வைத்துக்கொண்டு அவர்கள் கலைக்கு வாரிசு என்று போர்டு மாட்டினால் நன்றாகவா இருக்கும்? அந்தக் கோல வடிவங்களைப் போட்டுக் கொடுப்பவராக இருந்தால் படத்தோடு சொல்லுங்கள், யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள். ஐயாயிரம் ஆண்டெல்லாம் வேண்டாம்.

சட்டப்புள்ளி:

இன்னொன்று விட்டுப்போனது. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூக் கடை நடத்தியவர் கைதாகி, கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. அந்தச் செய்தியைப் பார்த்த அம்மா அப்பாக்கள் டாட்டூக் கடை என்றாலே அப்படித்தான் பார்ப்பார்கள். "18 வயதுக்குக் கீழே போடமாட்டோம், அடையாள அட்டை பார்ப்போம். அறுத்துச் செய்கிற எதையும் செய்யமாட்டோம்" என்று இரண்டு வரி போட்டுவிடுங்கள்.

ஊசிமுனை:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து எழுதிய முதல் பக்கம் இது. திட்டலாம்.

"பீளமேட்டில், ஹோப் காலேஜ் பக்கம் இரண்டு நாற்காலி டாட்டூ ஸ்டூடியோ. ஒரு ஆண் ஆர்டிஸ்ட், ஒரு பெண் ஆர்டிஸ்ட். யாரிடம் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். திரை உண்டு, கூட ஒருவரை அழைத்து வரலாம்.

சதுர அங்குலத்துக்கு 500 ரூபாய், குறைந்தபட்சம் 1,500. கலருக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் கூடும். டிசைன் பார்த்ததும் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவோம், அதற்குப் பிறகு ஏறாது.

வலிக்கும். எந்த இடத்தில் எவ்வளவு என்று கீழே படம் போட்டிருக்கிறோம்.

ஊசிப் பாக்கெட்டை உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் பார்த்த பிறகுதான் பிரிப்போம்.

கேலரியில் இருப்பதெல்லாம் நாங்கள் போட்டது. ஆறிய பிறகு எப்படி இருக்கிறது என்ற படமும் பக்கத்தில் இருக்கிறது.

உங்களைக் கேட்காமல் படம் எடுக்கமாட்டோம். பிறகு நீக்கச் சொன்னாலும் நீக்கிவிடுவோம். 18 வயதுக்குக் கீழே போடுவதில்லை.

ராணுவம், துணை ராணுவத் தேர்வுக்குப் போகிறவர்கள் முதலில் இந்தப் பக்கத்தைப் படியுங்கள்."

பிழைதிருத்தி:

"வலிக்கும்." ஒற்றை வார்த்தையில் நிறுத்தியது எனக்குப் பிடித்திருக்கிறது, மாற்றாதீர்கள். ஆறிய படங்களை இன்னும் மேலே கொண்டுவாருங்கள், விலைக்கு முன்னால் அது வரட்டும். "மொத்தத் தொகை ஏறாது" என்பதை நிஜமாகவே காப்பாற்ற முடியுமா என்று யோசியுங்கள். பாதியில் ஆள் டிசைனை மாற்றினால் என்ன செய்வீர்கள்? "டிசைனை மாற்றாதவரை" என்று சேர்ப்பது நல்லது.

கல்லாப்பெட்டி:

ரேட் போட்டது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. மற்றபடி, என் சைட்டையும் ஒரு தடவை திறந்து பார்த்தேன். "உங்கள் நினைவுகளுக்கு உயிர் கொடுக்கிறோம்" என்று இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு இழை தொடங்கலாமா என்று பார்க்கிறேன்.

தோல்_டாக்டர்:

"யாருக்கு வேண்டாம்" பகுதி காணோமே.

ஊசிமுனை:

அது தனிப் பக்கம் டாக்டர், அட்வான்ஸ் கட்டுகிற பட்டனுக்கு மேலேயே லிங்க் வைத்திருக்கிறேன். படித்தேன் என்று டிக் அடித்தால்தான் கட்ட முடியும்.

டீக்கடை_பெஞ்சு:

எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியும் அதைக் காணோம்.

ஊசிமுனை:

உண்டு, காலை 11 முதல் இரவு 8 வரை. செவ்வாய் லீவு. சேர்த்துவிட்டேன்.